அம்மாவின் குளிர்சாதனப் பெட்டியும் நாலு வெப்பமானிகளும்

(நூற்றாண்டு விழாவை முன்னிட்டுக் கல்லூரிப் பிரார்த்தனை மண்டபத்தில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



செயலாளர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "ரீச்சர், நீங்கள் அரை மணித்தியாலம் பேசவேணும்" என்றபோது, கல்லூரியின் பழைய நினைவுகளைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். அதைப் பேச என்னைவிட மூத்தவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். "எதைப் பற்றிப் பேச?" என்று கேட்டேன். "உங்களுக்கு விருப்பமானதைப் பேசுங்கோ" என்றார். முப்பத்தொரு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவளிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நான் இன்று பேசப்போவது உங்கள் வீட்டுக் குசினியில் நிற்கும் குளிர்சாதனப் பெட்டியைப் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், அந்தப் பெட்டிக்குள் ஓடுகிற காற்றைப் பற்றி.

சிரிக்கிறீர்கள். பரவாயில்லை. என்னுடைய அம்மாவை ஒரு தடவை இழக்கப் பார்த்தது இந்தக் காற்று ஓடாத காரணத்தால்தான். அதனால்தான் மேடை கிடைத்தவுடன் இதைத் தெரிவு செய்தேன்.

முதலில் ஒரு சின்ன நினைவு. விடுதியில் இருந்தவர்களுக்குத் தெரியும், குசினி யன்னலோரம் ஒரு பெரிய கம்பிவலை அலுமாரி நின்றது. எறும்பு ஏறாமல் இருக்க நாலு கால்களும் தண்ணீர் ஊற்றிய ரின்களுக்குள் நிற்கும். மிஞ்சின கறி, தயிர்ச்சட்டி, அடுத்த நாள் சம்பலுக்கு உடைத்த பாதித் தேங்காய் எல்லாம் அதற்குள்தான் இருக்கும். ஒரு சனிக்கிழமை நானும் இன்னும் இரண்டு பேரும் மேற்றனுக்கு உதவி செய்கிறோம் என்று, தூசி படாமல் இருக்கட்டுமென்று அந்த வலையைச் சுற்றிப் பிரவுண் பேப்பர் ஒட்டிவிட்டோம். அடுத்த நாள் காலை பருப்புக் கறி நுரைத்துப் போயிருந்தது. மேற்றன் ஏசவில்லை. பேப்பரைக் கிழித்துக்கொண்டே, "காத்துப் போக வழியிருந்தால்தான் சாப்பாடு நிக்கும், பிள்ளையள்" என்றார். பேப்பர் ஒட்டினதால்தான் கறி பழுதானதா, ஒட்டாமல் விட்டிருந்தாலும் அப்படித்தானா என்று இன்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வசனம் ஐம்பது வருடம் கழித்து, நான் எதிர்பாராத இடத்தில் திரும்பி வந்தது.

அம்மாவின் கதைக்கு வருகிறேன். அம்மாவுக்கு நீரிழிவு. அவருடைய எழுபதாவது வயதிலிருந்து இன்சுலின் ஊசி. வீட்டில் இருந்தது பழைய மாதிரிக் குளிர்சாதனப் பெட்டி. மேலே ஒரு சின்னப் பனிப்பெட்டி, அதைச் சுற்றி மாதத்துக்கு ஒரு தடவை கரைத்து விடவேண்டிய ஐஸ். இனிமேல் பிரிட்ஜ் என்றே சொல்கிறேன், எல்லோரும் வீட்டில் அப்படித்தானே சொல்கிறோம். 2018 இல் தம்பி கனடாவிலிருந்து காசு அனுப்பி, ஐஸ் படியாத வகையில் ஒரு பெரிய இரண்டு கதவு பிரிட்ஜ் வாங்கிக் கொடுத்தான். கொண்டுவந்தவர்கள் மின்சாரத்தைக் கொடுத்து, லைற் எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். ஆங்கிலத்தில் அச்சிட்ட கையேடு பொலித்தீன் பையோடு பிரிட்ஜின் தலையிலேயே கிடந்தது. நானும் அதைத் திறந்து பார்க்கவில்லை. பிறகு மகளின் பிரசவத்துக்கு மெல்பேர்ண் போய்விட்டேன்.

நான் இல்லாத அந்த மாதங்களில் அம்மாவின் சீனி ஏறத் தொடங்கியது. 200, 260, 340. கிளினிக்கில் ஊசியின் அளவைக் கூட்டினார்கள். இறங்கவில்லை. திரும்பவும் கூட்டினார்கள். உதவிக்கு நின்ற பிள்ளை நேரம் தவறாமல் ஊசி போட்டாள், அம்மாவும் வாயைக் கட்டித்தான் இருந்தார். "களவாக மாம்பழம் சாப்பிடுறியளோ?" என்று நான் மெல்பேர்ணிலிருந்து தொலைபேசியில் கேட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கம்.

பிறகு ஒரு கிழமை, முடிந்த போத்தலுக்குப் பதிலாகப் புதுப் போத்தல் வாங்கினார்கள். அன்றைக்குப் பிரிட்ஜில் இடம் இல்லாதபடியால் அதைக் கதவுத் தட்டில் வைத்தார்கள். இரண்டாம் நாள் விடியப்புறம் மூன்று மணிக்கு அம்மாவின் உடம்பெல்லாம் வியர்த்து, கூப்பிட்டால் பதில் இல்லை. அந்தப் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ, சீனித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உதட்டில் பருக்கி ஆளை மீட்டுவிட்டாள். சீனி நாற்பதுக்குக் கீழே போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு தாதிதான் முதன்முதலாக அந்தக் கேள்வியைக் கேட்டார்: "அம்மா, மருந்தை வீட்டிலை எங்கை வைக்கிறனீங்கள்?"

அம்மா பெருமையாகவே சொன்னாராம்: "பழுதாப் போகக்கூடாதெண்டு பிரிட்ஜிலை ஆகக் குளிரான இடத்திலைதான், பிள்ளை. மேல்தட்டிலை, பின்பக்கச் சுவரோடை."

விடயம் அதுதான். அந்த இடத்தில் இன்சுலின் உறைந்திருக்கிறது. இன்சுலினைத் திறக்காத போத்தலாக 2 பாகைக்கும் 8 பாகை செல்சியஸுக்கும் இடையில் வைக்கவேண்டும். ஒரு தடவை உறைந்துவிட்டால் உருகினாலும் அதைப் பாவிக்கக்கூடாது, வீசவேண்டியதுதான். கலங்கல் வகை என்றால் சிலவேளை கட்டியோ துகளோ தெரியும். தெளிந்த வகையில் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாமல் போகலாம். அம்மாவுக்கு மாதக்கணக்கில் ஏறியது வீரியம் கெட்ட மருந்து. அதற்கு ஏற்றபடி அளவைக் கூட்டிக் கூட்டிக் கொண்டு போனார்கள். நல்ல மருந்துள்ள போத்தல் வந்த அன்று, கூட்டின அளவு முழுவதும் வேலை செய்தது.

நான் அடுத்த விமானத்தில் வந்தேன். அம்மா வீட்டுக்கு வந்து படுத்திருந்தார். அவருடைய பிரிட்ஜைத் திறந்து பார்த்தேன். உங்களுக்கும் பழக்கமான காட்சிதான். மேல்தட்டில் மூன்று ஐஸ்கிறீம் பெட்டிகள், ஒன்றிலும் ஐஸ்கிறீம் இல்லை. தண்ணீர் நிரப்பிய சோடாப் போத்தல்கள் ஐந்து. சோற்றுச்சட்டி, சட்டியாகவே. தம்பி அனுப்பிய சொக்கிளேற். ஒடியல் மா. பெயர் அழிந்துபோன ஒரு ஜாம் போத்தல். தட்டுகள் அழுக்காகாமல் இருக்கப் பூப்போட்ட பிளாஸ்ரிக் விரிப்பு வெட்டி, ஓரத்துக்கு ஓரம், சுவர்வரை விரித்திருந்தார். குமிழ் 7 இல் நின்றது. "முன்னுக்கு வைக்கிற கறியெல்லாம் கெட்டுப்போகுது பிள்ளை, அதுதான் கூட்டி வைச்சனான்" என்றார்.

பின்னுக்கு மருந்து உறைகிறது, முன்னுக்குக் கறி பழுதாகிறது. ஒரே தட்டில்! முப்பத்தொரு வருடம் மேற்காவுகை படிப்பித்தவளுக்கு அதைக் காணத் தம்பியின் பிரிட்ஜ் வேண்டியிருந்தது.

ஆய்வுகூடத்துக்கு வந்து நாலு வெப்பமானிகள் இரவல் வாங்கினேன். (அதிபர் அவர்களே, நாலையும் திருப்பித் தந்துவிட்டேன்.) நாலு கோப்பைகளில் அரைவாசித் தண்ணீர் விட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு வெப்பமானியை வைத்து, ஒன்றை மேல்தட்டின் பின்சுவரோடும், ஒன்றை அதே தட்டின் முன்பக்கத்திலும், ஒன்றை நடுத்தட்டிலும், ஒன்றைக் கதவிலும் இரவு முழுக்க விட்டேன். தண்ணீருக்குள் வைப்பதற்குக் காரணம் உண்டு. கதவைத் திறந்தவுடன் காற்றின் வெப்பநிலை மாறிவிடும், தண்ணீரின் வெப்பநிலை அவ்வளவு கெதியாக மாறாது. சாப்பாட்டின் உண்மையான நிலையைத் தண்ணீர்தான் சொல்லும்.

காலையில் கதவு 12 பாகை. நடுத்தட்டு 8. மேல்தட்டின் முன்பக்கம் 9. அதே தட்டின் பின்பக்கத்தில் தண்ணீர் உறைந்து, வெப்பமானி நட்டு வைத்ததுபோல ஐஸுக்குள் நின்றது. இரண்டு கோப்பைகளுக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை.

இது ஏன் நடந்தது? பழைய மாதிரிப் பிரிட்ஜில் குளிர் மேலே இருக்கும் பனிப்பெட்டியிலிருந்து வருகிறது. குளிர்ந்த காற்றுக்கு அடர்த்தி கூட, அது தானாகவே கீழே இறங்கும். சூடான காற்று மேலே ஏறும். எட்டாம் வகுப்பில் நீங்கள் எல்லோரும் அம்புக்குறி போட்டுக் கீறிய படம்தான். ஐஸ் படியாத புது வகையில் அப்படி இல்லை. குளிராக்கும் சுருள் பிரீசரின் பின்சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. ஒரு விசிறி அந்தச் சுருளின் மேலாகக் காற்றை இழுத்து, ஒரு பங்கைப் பிரீசருக்குள்ளும் மற்றப் பங்கை ஒரு சின்ன அடைப்புக் கதவினூடாகக் கீழ் அறைக்கும் தள்ளுகிறது. கீழ் அறையின் பின்சுவரில் நீட்டு நீட்டாகத் துவாரங்கள் தெரியும், பார்த்திருப்பீர்கள். அதனூடாக வரும் காற்று பூச்சியத்துக்கும் கீழான வெப்பநிலையில் வருகிறது. அது தட்டுகளுக்கிடையில் சுற்றி, சாப்பாட்டின் சூட்டை வாங்கிக்கொண்டு, வேறு வழியால் திரும்பவும் சுருளுக்குப் போகிறது. இந்தச் சுற்று ஓடினால்தான் பெட்டி முழுக்க 4 பாகை வரும்.

அம்மா அந்தத் துவாரத்துக்கு நேர் முன்னால் மருந்தை வைத்தார், மருந்துக்கு முன்னால் ஐஸ்கிறீம் பெட்டிகளை அடுக்கினார். வந்த குளிர்க்காற்று அந்த மூலைக்குள்ளேயே தேங்கி மருந்தை உறைய வைத்தது. முன்பக்கத்துக்குக் காற்று வரவில்லை. தட்டுக்கும் சுவருக்கும் இடையில் காற்று இறங்க விட்ட இடைவெளியைப் பிளாஸ்ரிக் விரிப்பு அடைத்துவிட்டது. வெப்பநிலையை அறியும் உணரிக்கோ, "இன்னும் சூடாக இருக்கிறது" என்ற செய்திதான் போய்க்கொண்டிருந்தது. ஆகவே இயந்திரம் இன்னும் இன்னும் குளிரை அனுப்பியது. எல்லாம் அந்த ஒரே மூலைக்கு. அம்மா குமிழை 7 க்குத் திருப்பினது எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்த மாதிரி. பழைய பிரிட்ஜில் மேல்தட்டுத்தான் நம்பிக்கையான இடம் என்று முப்பது வருடம் பழகிய மனுசி. புதுப் பெட்டி வேறுவிதமாக மூச்சு விடுகிறது என்று ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

குமிழைப் பற்றி ஒரு சொல். அதிலிருக்கும் 1, 2, 7 என்ற இலக்கங்கள் பாகை அல்ல. பெரும்பாலும் இலக்கம் கூடக் கூடக் குளிரும் கூடும். இரண்டு கதவு மாதிரிகள் பலவற்றில் பிரீசருக்குள் இருக்கும் குமிழ், காற்றைப் பங்கிடும் அந்த அடைப்புக் கதவைத்தான் திருப்புகிறது. ஐஸ் கெதியாக வேண்டுமென்று அதைப் பிரீசர் பக்கம் திருப்பிவிட்டு மறந்துபோனால், கீழே பாலும் கறியும் பழுதாகும். கொழும்பில் என்னோடு படித்த ஒருத்தி பிரிட்ஜ் பழுதென்று ஆளைக் கூப்பிட்டாள். அவர் அந்தக் குமிழை நடுவுக்குத் திருப்பிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போனார்.

அன்று அம்மாவின் பிரிட்ஜில் நான் செய்தது பெரிய வேலை அல்ல. விரிப்புகளை உருவினேன். துவாரங்களுக்கு முன்னால் நாலு விரல் இடம் விட்டேன். சோடாப் போத்தல்களில் இரண்டை மட்டும் விட்டேன். குமிழை 4 க்குக் கொண்டுவந்தேன். அடுத்த நாள் காலை பின்பக்கம் 3, முன்பக்கம் 5, நடுத்தட்டு 4, கதவு 7. மின்சாரப் பட்டியலும் குறைந்தது என்று அம்மா சொன்னார். அதை நான் அளக்கவில்லை.

மருந்துக்கு இப்போது நடுத்தட்டில், பின்சுவரிலிருந்து தள்ளி, மூடியுள்ள ஒரு பெட்டி இருக்கிறது. பாவனையில் இருக்கும் போத்தலைப் பெரும்பாலும் நாலு கிழமை வரை அறை வெப்பநிலையிலேயே வைக்கலாம், ஆனால் எத்தனை பாகை வரை, எத்தனை நாள் என்று மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பாருங்கள். எங்களூர்க் கோடையில் அறை வெப்பநிலை என்பது இலேசான விடயம் அல்ல. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலத்தில், என்னுடைய பெரியம்மாவின் இன்சுலின் மண்பானையில்தான் இருந்தது. பெரிய பானைக்குள் ஈர மணல், அதற்குள் சின்னப் பானை, அதற்குள் பொலித்தீன் பையில் மருந்து. தண்ணீர் ஆவியாகும்போது சூட்டைக் கொண்டு போகிறது. சோளகக் காற்றுக் காலத்தில் அந்தப் பானை தொட்டால் சில்லென்று இருக்கும். மாரியில், காற்றில் ஈரப்பதன் கூடினவுடன், பானைக்கும் அறைக்கும் வித்தியாசம் இராது. அப்போதும் காற்றுத்தான் வேலை செய்தது.

இனி சாப்பாட்டுக்கு வருவோம். நீங்கள் எல்லோரும் அதற்குத்தான் காத்திருக்கிறீர்கள்.

பெரிய சட்டியில் சோற்றையோ கறியையோ அப்படியே பிரிட்ஜுக்குள் தள்ளாதீர்கள். சட்டியின் நடுப்பகுதி ஆறப் பல மணித்தியாலம் எடுக்கும். சுற்றி ஓடும் காற்று விளிம்பைத்தான் தொடும். நுண்ணங்கிகளுக்குப் பிடித்தது 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பநிலை. அந்த இடைவெளியைச் சாப்பாடு கெதியாகக் கடக்கவேண்டும். தட்டையான பாத்திரங்களில் இரண்டு அங்குலத்துக்கு மேற்படாமல் பரப்பி, ஆவி அடங்கினவுடன் மூடி வையுங்கள். சமைத்து இரண்டு மணித்தியாலத்துக்குள் உள்ளே போய்விடவேண்டும். எங்கள் வெக்கைக்கு ஒரு மணித்தியாலம் என்று வைத்துக்கொள்வது நல்லது. சோற்றில் விசேட கவனம் வேண்டும். அரிசியோடு வரும் ஒருவகைப் பற்றீரியாவின் வித்திகள் கொதிக்கிற தண்ணீரிலும் சாவதில்லை. சோறு சூடாறாமல் மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி ஒரு நஞ்சை விடும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. "நாங்கள் பழஞ்சோறு சாப்பிட்டுத்தானே வளர்ந்தோம், ரீச்சர்?" என்று யாரோ பின்வரிசையில் கேட்பது எனக்குக் கேட்கிறது. பழஞ்சோற்றில் தண்ணீர் ஊற்றிப் புளிக்க விடுகிறோம், புளிப்பு மற்ற நுண்ணங்கிகளை ஓரளவு அடக்கும். மூடிய சட்டிக்குள் வெதுவெதுப்பாகக் கிடக்கிற பிரியாணி பழஞ்சோறு ஆகாது.

மீனில் இன்னொரு விடயம். சூரை, கும்பளா, சூடை போன்ற மீன்கள் வெக்கையில் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்ரமின் என்ற பொருள் உண்டாகும். முகம் சிவந்து, உடம்பு கடித்து, தலையிடிக்கும். மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிடுவோம். உண்டான ஹிஸ்ரமினை எந்தக் குழம்பும் அழிக்காது, எவ்வளவு கொதிக்க வைத்தாலும். ஆகவே சந்தையிலிருந்து வந்த மீனை மத்தியானம்வரை குசினி மேசையில் வைத்துவிட்டுப் பிறகு பிரிட்ஜைக் குறைசொல்லிப் பயனில்லை. வெட்டிக் கழுவி, மூடியுள்ள பாத்திரத்தில் கீழ்த்தட்டில் வையுங்கள், மீன்தண்ணீர் மற்றச் சாப்பாட்டில் வடியாது. அன்றைக்கே சமைக்காவிட்டால் பிரீசருக்குள் போகட்டும்.

கதவுத் தட்டில் முட்டைக்கும் பாலுக்கும் இடம் செய்து வைத்திருப்பவர்களோடு எனக்குப் பழைய கோபம் ஒன்று உண்டு. பிரிட்ஜில் ஆக வெப்பமான இடம் கதவுதான். திறக்கும் ஒவ்வொரு தடவையும் குசினிச் சூடு அதில்தான் முதலில் படுகிறது. அங்கே ஊறுகாய், சோஸ், ஜாம் இருக்கட்டும். பால் உள்ளே போகட்டும்.

இவ்வளவு நேரமும் காற்று ஓடவேண்டும் என்று சொன்னேன். இனி மாற்றிச் சொல்லப்போகிறேன், குழம்பாதீர்கள். ஐஸ் படியாத பிரிட்ஜில் ஓடும் காற்று வரண்ட காற்று. அதிலிருந்த ஈரமெல்லாம் சுருளில் பனியாகப் படிந்து, பிறகு உருகி, ஒரு குழாயால் பின்னால் இருக்கும் தட்டுக்கு வடிந்துவிடுகிறது. அந்த வரண்ட காற்று பட்டால் வல்லாரையும் பொன்னாங்காணியும் ஒரு இரவில் துவண்டுவிடும். அதற்குத்தான் கீழே இழுப்பறை. அது காற்றிலிருந்து ஒதுங்கின இடம். இலைவகையை நீர் உதறி, மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி, அந்த இழுப்பறையின் காற்றுத் துவாரத்தை மூடி வையுங்கள். முருங்கையிலையையும் கறிவேப்பிலையையும் காம்பிலிருந்து உருவாமல் வைத்தால் கூட நாள் நிற்கும். மற்ற இழுப்பறை பழங்களுக்கு, அதன் துவாரம் திறந்திருக்கட்டும். பழுத்த கறுத்தக்கொழும்பானை இலைவகையோடு ஒரே பெட்டிக்குள் பூட்டி வைத்தால், பழம் விடுகிற எதிலீன் வாயு இலையை மஞ்சளாக்கும். கரட்டுக்குக்கூடக் கைப்பு வந்துவிடும்.

சில பொருட்களுக்கு பிரிட்ஜே வேண்டாம். வாழைப்பழம் உள்ளே போனால் தோல் கறுக்கும். கத்தரிக்காயின் தோலில் பள்ளம் விழுந்து, விதை மண்ணிறமாகும். தக்காளி மணம் இழக்கும். கத்தரி அன்றைக்கு வாங்கி அடுத்த நாள் சமைக்கிற சாமான். வெங்காயத்தை எங்கள் தோட்டக்காரர் பிடிபிடியாகக் கட்டிக் காற்றோட்டமான கொட்டிலில் தூக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது.

பெட்டிக்கு வெளியேயும் காற்று வேண்டும். உள்ளே எடுத்த சூட்டைப் பிரிட்ஜ் எங்கேயாவது விடவேண்டுமே. பழைய மாதிரிகளில் முதுகில் கறுப்புக் கம்பிச் சுருள் தெரியும். புதியவற்றில் அது பக்கச் சுவருக்குள் இருக்கிறது, தொட்டால் இளஞ்சூடாக இருக்கும், பயப்பட வேண்டாம். சுவரோடு ஒட்டி வைத்தால் அந்தச் சூடு போக வழியில்லாமல் இயந்திரம் ஓயாமல் ஓடும். நாலு பக்கமும் கொஞ்சம் இடம் விடுங்கள். சுருளில் தூசி இருந்தால் மின்சாரத்தைக் கழற்றிவிட்டுத் துடையுங்கள். இன்னொன்று, எங்கள் வீடுகளில் பிரிட்ஜுக்கு மேலே தையல் வேலை செய்த விரிப்பு போட்டு, பின்பக்கமாகத் தொங்கவிட்டு, அதற்கு மேல் பூச்சாடி வைக்கிறோம். தையல் படிப்பித்த ரீச்சர் முன்வரிசையில் இருக்கிறார், மன்னிக்கவேண்டும். விரிப்பைப் பின்னால் தொங்காமல் வெட்டிவிடுங்கள்.

குளிர்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கும் ஒன்று. ரொரன்ரோவில் இரண்டாவது பிரிட்ஜைக் கராஜில் வைத்து, ஊரிலிருந்து கொண்டுபோன மிளகாய்த்தூளையும் ஆட்டிறைச்சியையும் அதன் பிரீசரில் போடுகிறீர்கள். மாசி மாதத்தில் கராஜே 2 பாகை. பல பிரிட்ஜ்களில் வெப்பநிலை உணரி கீழ் அறையில் மட்டும்தான் உண்டு. அது "போதுமான குளிர் இருக்கிறது" என்று இயந்திரத்தை ஓடவிடாது. இயந்திரம் ஓடாவிட்டால் பிரீசருக்கும் குளிர் போகாது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, உள்ளே இறைச்சி உருகும். என் மைத்துனி இதை நம்பாமல் வெப்பமானி வாங்கி வைத்துப் பார்த்துவிட்டு, விடியப்புறம் எனக்குப் படம் எடுத்து அனுப்பினாள்.

மின்வெட்டை மறக்க முடியாது. 2022 பங்குனியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்தோம். கதவைத் திறக்காமல் விட்டால் கீழ் அறை ஏறத்தாழ 4 மணித்தியாலம் குளிரைப் பிடித்து வைக்கும். நிறைந்த பிரீசர் 48 மணித்தியாலம், பாதி நிறைந்தது 24. ஏனென்றால் பிரீசருக்குள் உறைந்த பொருட்கள் ஒன்றுக்கொன்று ஐஸ் கட்டிகள் மாதிரி. ஆகவே பிரீசரை நெருக்கி அடுக்கலாம், துவாரத்தை மட்டும் மறைக்காமல். வெறும் இடம் இருந்தால் போத்தலில் முக்கால்வாசித் தண்ணீர் விட்டு உறைய வையுங்கள், மின்சாரம் போனால் உதவும். கீழ் அறைக்கு இது பொருந்தாது, அங்கே இடைவெளி வேண்டும். மின்சாரம் வந்தபிறகு மணந்து பார்த்து முடிவெடுக்காதீர்கள். நோய் தரும் நுண்ணங்கிகள் பலவற்றுக்கு மணமே கிடையாது. சமைத்த இறைச்சி, மீன், சோறு, பால் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் சூடாக இருந்திருந்தால் கொட்டிவிடுங்கள். கொட்ட மனம் வராது, எனக்கும் வராது. அந்த வருடம் ஒரு கிலோ இறாலின் விலை என்னவென்று உங்களுக்குத் தெரியும்.

கதவின் றப்பரைப் பார்க்க ஒரு இலகுவான வழி உண்டு. ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் அந்த இடத்தால் குசினிச் சூடு உள்ளே போகிறது. சோப்புத் தண்ணீரால் துடைத்தும் சரிவராவிட்டால் றப்பரை மாற்றவேண்டும்.

இன்று காலை நேரத்தோடு வந்து விடுதிக் குசினிக்குப் போனேன். எண்பத்தாறாம் ஆண்டு உயர்தர வகுப்புப் பிள்ளைகள் நூற்றாண்டுக்காக வாங்கிக் கொடுத்த பெரிய பிரிட்ஜ், கம்பிவலை அலுமாரி நின்ற அதே யன்னலோரம் நிற்கிறது. திறந்து பார்த்தேன். பின்சுவர்த் துவாரம் தெரியவில்லை. அதன் முன்னால் மாஜரீன் பெட்டிகள் உச்சிவரை அடுக்கியிருந்தன, நடுத்தட்டில் நேற்றைய பருப்புக் கறி பெரிய அலுமினியச் சட்டியோடு. அங்கே நின்ற பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "என்ன தேடுறீங்கள், ரீச்சர்?" என்று கேட்டாள். இரண்டு பேரும் சேர்ந்து பெட்டிகளை இறக்கினோம். ஒரு வெப்பமானியைக் கோப்பைத் தண்ணீரோடு நடுத்தட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். விழா முடிந்து சாப்பாட்டு மண்டபத்துக்குப் போகும்போது அந்தப் பிள்ளை அதைப் பார்த்து எனக்குச் சொல்வாள். அறிய விரும்புகிறவர்கள் என்னோடு வாருங்கள்.